நெல் வருவதற்கு முன்னும் பின்னும்: ஜப்பானின் தொல்சமூகம் பற்றி

கேட்கப்பட்டிருப்பவை உண்மையில் இரண்டு கேள்விகள். நெல் சாகுபடி வந்த பிறகுதான் ஜப்பானில் ஊர், கலை, சமூகம் என்று சொல்லத்தக்கவை உருவாயினவா, அதற்கு முன் அங்கே அலைந்து திரிந்த வேட்டைக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்களா என்பது ஒன்று. ஜப்பானின் தென்மேற்குத் தீவான கியூஷுவின் வடபகுதியில் தோண்டியெடுக்கப்படும் ஈமத்தாழிகள் நம் முதுமக்கள் தாழிகளைப் போலவே இருக்கின்றனவே, அப்படியானால் நெல்லை அங்கே கொண்டுபோனவர்கள் தமிழர்களா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு "இல்லை" என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதற்கும் என் பதில் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்த ஒற்றுமையை ஓங்கிப் பேசியவர் ஒரு ஜப்பானியப் பேராசிரியர் என்பதால், அதைக் காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜப்பானின் நவீன அகழாய்வு ஒரு ரயில் சன்னலில் தொடங்கியது. கடலுயிர்களை ஆராய 1877-இல் அங்கே வந்திறங்கிய எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர், யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் வழியில், ஓமோரி நிலையத்துக்கு அருகே இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட கரையிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல்கள் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். அது பழங்கால மனிதர்கள் தின்றுவிட்டுக் கொட்டிய குப்பைமேடு என்பதை அவரால் உடனே அடையாளம் காண முடிந்தது. அந்த ஆண்டிலேயே அங்கே தோண்டியபோது கிடைத்த பானை ஓடுகளின் மேல் கயிற்றின் தடம் பதிந்திருந்தது. அதை அவர் விவரித்த ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பாக வந்த "ஜோமோன்" என்ற சொல், பிறகு பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட ஒரு காலகட்டத்துக்கே பெயராகிவிட்டது. "ஜோ" என்றால் கயிறு, "மோன்" என்றால் கோலம். அந்தக் கோலம் எப்படி விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. நார் இழைகளை முறுக்கிச் சிறு துண்டுக் கயிறாக்கி, அதை ஈரம் காயாத பானையின் மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் முறுக்கினார்கள், எத்தனை புரி, முடிச்சு போட்டார்களா என்பதெல்லாம் ஓட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கயிறு மட்கி மறைந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அதை முறுக்கிய கையின் பழக்கம் களிமண்ணில் நிற்கிறது.

ஜோமோன் என்ற பெயர் வந்தது கயிற்றுத் தடத்தால் என்றாலும், மிகப் பழைய ஓடுகளில் அந்தத் தடம் இல்லை. வட ஜப்பானின் ஆவோமோரி மாவட்டத்தில் உள்ள ஓதாய் யமமோதோ என்ற இடத்தில் கிடைத்த ஓடுகள் வெறுமையானவை. அவற்றில் ஒட்டியிருந்த கரியைக் கொண்டு கணித்ததில் காலம் சுமார் 16,500 ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. சீனத்தில் இன்னும் பழைய பானைகள் கிடைத்திருப்பதால், உலகின் முதல் பானை ஜப்பானில்தான் செய்யப்பட்டது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால், விவசாயம் வந்து, மக்கள் ஓரிடத்தில் தங்கி, அதன் பிறகே பானை செய்தார்கள் என்று பாடப்புத்தகங்கள் வரிசைப்படுத்திவைத்த படிக்கட்டு இங்கே பொருந்தவில்லை என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. தொடக்கக் காலப் பானைகளின் உட்புறப் படிவுகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் மீன் முதலிய நீர்வாழ் உயிர்களின் கொழுப்பே தெரிந்தது. பானை பிறந்தது கஞ்சி காய்ச்ச அல்ல, மீன் வேகவைக்க என்று சொன்னால் அது முழுவதும் தவறாகாது.

இந்த மக்களை "வேட்டைக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் அடக்குவது ஏன் போதாது என்பதை ஓர் இடத்தை மட்டும் காட்டி விளக்கிவிடலாம். ஆவோமோரி நகரின் ஓரத்தில் உள்ள சன்னாய் மருயாமாவில் பேஸ்பால் மைதானம் கட்டுவதற்காக 1992-இல் நிலத்தைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜப்பானியச் சட்டப்படி தொல்லிடம் என்று பதிவான நிலத்தில் கட்டுமானத்துக்கு முன் அகழாய்வு செய்தாக வேண்டும் என்பதும், நாட்டில் பதிவான தொல்லிடங்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல் என்பதும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கவை. அங்கே நடக்கும் அகழாய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி புல்டோசருக்கு முன்னால் ஓடி முடிக்கப்படுபவையே. சன்னாய் மருயாமாவிலோ, 1994-இல் ஆறு பெரிய தூண்குழிகள் வெளிப்பட்டவுடன் மைதானப் பணியே நிறுத்தப்பட்டது.

குழி ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மீட்டர் ஆழம். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசைகள். குழிக்குக் குழி 4.2 மீட்டர், எல்லா இடத்திலும் அதே இடைவெளி. அடியில் நிலத்தடி நீர் தேங்கியிருந்ததால் தூண்களின் அடிக்கட்டைகள் மட்காமல் கிடந்தன. சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள கஷ்கொட்டை மரங்கள் அவை, அழுகாதிருக்க அடிப்பகுதியைத் தீயில் வாட்டியிருந்தார்கள். இரும்பு இல்லாத காலத்தில், கல் கோடரியால் அத்தனை பெரிய மரத்தை வெட்டி, இழுத்துவந்து, நிமிர்த்தி நட எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே குரலுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். அது காவல் கோபுரமா, வழிபாட்டுக்குரியதா, கூரை இருந்ததா இல்லையா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. இப்போது அங்கே எழுப்பியிருக்கும் மாதிரிக் கட்டமைப்பு மூன்று தளங்களோடு, ஆனால் கூரையில்லாமல் நிற்பதற்குக் காரணம் அந்தச் சண்டைதான். இரு தரப்பையும் சமாதானப்படுத்தப்போய் யாருக்கும் நிறைவு தராத ஒன்றைக் கட்டிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஊர் சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 4,200 ஆண்டுகளுக்கு முன்வரை, ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் இருந்தது. ஊரைச் சுற்றிலும் கஷ்கொட்டை மரங்களே மிகுந்திருந்தன என்பதை மண்ணில் படிந்த மகரந்தம் காட்டுகிறது. கொட்டைகளின் மரபணுக்கள் காட்டு மரங்களில் இருப்பதைவிட ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதால், நல்ல மரங்களைத் தேர்ந்து பேணி வளர்த்தார்கள் என்று கருதப்படுகிறது. இதை விவசாயம் என்று சொல்வதா, தோப்பு பேணுதல் என்று சொல்வதா என்பது பெயர் பற்றிய விவாதம்தான். கத்தியாகவும் அம்புமுனையாகவும் பயன்பட்ட எரிமலைக் கண்ணாடிக்கல் கடலுக்கு அப்பால் ஹொக்கைடோவிலிருந்து வந்தது; பச்சை ஜேட் கல் பல நூறு கிலோமீட்டர் தெற்கே இதோயிகாவா பகுதியிலிருந்து வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுடுமண் பாவைகள் கிடைத்திருக்கின்றன. இறந்த பெரியவர்களை ஊருக்கு வெளியே வழியோரமாகக் குழியில் புதைத்தவர்கள், குழந்தைகளை வீடுகளுக்கு அருகிலேயே பானைக்குள் வைத்துப் புதைத்தார்கள். அத்தகைய குழந்தைப் பானைகள் எண்ணூறுக்கும் மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தாழி பற்றிய கேள்விக்கு இது தேவைப்படும்.

எரிமலைச் சாம்பல் கலந்த ஜப்பானிய மண் அமிலத்தன்மை மிகுந்தது. எலும்பை அது தின்றுவிடும். கிளிஞ்சல் மேடுகளில் சுண்ணாம்புச்சத்து இருப்பதால் அங்கே மட்டும் எலும்புக்கூடுகள் தப்பின. நமக்குத் தெரிந்த ஜோமோன் மனிதர்களில் பெரும்பாலோர் இப்படிக் குப்பைமேட்டின் தயவில் கிடைத்தவர்களே. அந்த எலும்புகளைத் தொகுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு, வன்முறையால் இறந்தவர்கள் சுமார் 1.8 விழுக்காடு மட்டுமே என்று கணித்தது. தொல்சமூகங்களுக்கு இது மிகக் குறைவான அளவு.

இனி நெல்லுக்கு வருவோம். 1884-இல் டோக்கியோவின் யாயோய் என்ற பகுதியில் கிடைத்த ஒரு பானையால் அடுத்த காலகட்டத்துக்குப் பெயர் வந்தது. ஆனால் கதை நடந்த இடம் டோக்கியோ அல்ல, கொரியாவைப் பார்த்திருக்கும் வடக்குக் கியூஷு. ஃபுகுவோகாவின் இதாசுகேயிலும் சாகா மாவட்டத்தின் நபதாகேயிலும் மிகப் பழைய நன்செய் வயல்கள் வெளிப்பட்டன. வரப்பு, வாய்க்கால், நீரைத் தேக்கித் திருப்பும் அடைப்பு என எல்லாம் முழு வடிவில் இருந்தன. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதற்கான தடயம் எதுவும் இல்லை. இதாசுகேயின் சேற்றில் வயலில் நடந்தவர்களின் காலடித் தடங்கள்கூடப் பதிந்திருந்தன. அதே அடுக்கில் கிடைத்த பானைகளோ ஜோமோன் மரபின் கடைசிக் காலத்தவை. தேய்த்துச் செய்த கல் கதிரறுப்புக் கத்தி, ஒருவகைக் குழிவீடு, கல்திட்டை ஆகியவை அனைத்தும் கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் அதற்குச் சற்று முன்பு வழங்கியவை. நெல் தனியாக மிதந்து வரவில்லை, ஒரு வாழ்க்கை முறையோடு ஆட்களும் சேர்ந்தே கடலைக் கடந்தார்கள்.

ஆனாலும் வந்தவர்கள் இருந்தவர்களைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இதை எழுதிவிட முடியாது. கியூஷுவின் ஷின்மாச்சி என்ற இடத்தில், கொரிய வகைக் கல்திட்டைகளின் கீழே புதைக்கப்பட்டிருந்தவர்களின் எலும்புகள் ஜோமோன் மக்களின் உடலமைப்பையே காட்டின. சவப்புதைப்பு முறை புதியது, புதைந்திருப்பவர் பழையவர். பழங்கால மரபணுக்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றைய ஜப்பானியரின் முன்னோரில் ஜோமோன் மக்கள், யாயோய் காலத்தில் வந்தோர், பிற்காலத்தில் வந்த கிழக்காசியர் என மூன்று இழைகளைப் பிரித்துக் காட்டியது. வடக்கே ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களிடமும் தென்கோடித் தீவுகளின் ஒகினாவா மக்களிடமும் ஜோமோன் இழை மற்றவர்களிடம் இருப்பதைவிடத் தடிமனாக இருக்கிறது.

நெல் எப்போது வந்தது என்பதில் ஒரு பெரிய கலகமே நடந்தது. பொது யுகத்துக்கு முன் ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டு என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது, 2003-இல் தேசிய வரலாற்று நாட்டுப்புறவியல் அருங்காட்சியகத்தினர், பானைகளில் படிந்த கரியின் கார்பன் கணிப்பைக் கொண்டு, பத்தாம் நூற்றாண்டு என்று அறிவித்தார்கள். ஒரே அறிவிப்பில் ஐந்நூறு ஆண்டுகள் பின்னால் தள்ளப்பட்டன. கடலுணவு சமைத்த பானையின் கரி பழையதாகத் தோன்றும் என்பது முதலான எதிர்வாதங்கள் கிளம்பின. கணக்கில் நூறு இருநூறு ஆண்டுகள் முன்பின் இருந்தாலும், பழைய காலவரிசைக்குத் திரும்பிப்போனவர்கள் இன்று குறைவு. இந்தத் திருத்தத்தால் தெரியவந்த முக்கியமான செய்தி, நெல் ஜப்பானை ஒரே வீச்சில் வென்றுவிடவில்லை என்பதுதான். கிழக்கே கான்டோ சமவெளியை எட்டவே பல நூற்றாண்டுகள் ஆயின. வடகோடியான ஆவோமோரிக்கு அது முன்னதாகவே கடல்வழியே போய்ச் சேர்ந்தது. அங்கே தரேயனாகியில் ஆறுநூற்றுக்கும் மேற்பட்ட சிறு பாத்திகள் கொண்ட வயல்வெளியே இருந்தது. பிறகு வெள்ளம் வந்து மண்மூடிற்று. அதன் பின் அந்தப் பகுதி மக்கள் நெல்லைக் கைவிட்டுவிட்டு, வேட்டைக்கும் சேகரிப்புக்கும் திரும்பினார்கள். விவசாயம் ஒருவழிப்பாதை என்று நம்புகிறவர்கள் தரேயனாகியைப் பற்றி ஒருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நெல் என்னதான் மாற்றியது? சமூகத்தை அது கொண்டுவரவில்லை. சேமிப்பையும் அதைக் காக்க வேண்டிய அச்சத்தையும் கொண்டுவந்தது. ஷிசுவோகாவின் தோரோ என்ற இடத்தில் 1943-இல் போர்த்தளவாட ஆலை கட்டும்போது வெளிப்பட்ட ஊரில், கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய களஞ்சியங்களின் மரப்பாகங்கள் கிடைத்தன. ஒவ்வொரு காலின் உச்சியிலும் எலி ஏறாமல் தடுக்க அகலமான பலகை பொருத்தியிருந்தார்கள். எலியைத் தடுக்கப் பலகை போதும், பக்கத்து ஊர்க்காரனைத் தடுக்க அகழி வேண்டும். அந்த அகழிகளை மிகப் பெரிய அளவில் காட்டிய இடம் சாகா மாவட்டத்தின் யோஷினோகாரி. தொழிற்பேட்டை அமைப்பதற்காக 1986-இல் தோண்டத் தொடங்கியபோது, சுமார் நாற்பது ஹெக்டேர் பரப்பைச் சூழ்ந்த வெளியகழி, உள்ளகழிகள், காவல் கோபுரங்கள், தனியே ஒதுக்கப்பட்ட களஞ்சியப் பகுதி எல்லாம் வெளிவந்தன. ஒரு தாழிக்குள் தலையில்லாத உடல் கிடந்தது. ஒரு மேட்டில் புதைக்கப்பட்டிருந்த தாழி ஒன்றில் வெண்கல வாளும் 79 நீலக் கண்ணாடிக் குழல்மணிகளும் இருந்தன. சற்றுத் தள்ளி, ஒன்றுமில்லாத தாழிகள் வரிசை வரிசையாக. சன்னாய் மருயாமாவின் 1,700 ஆண்டுகளில் காண முடியாத ஏற்றத்தாழ்வு இங்கே ஒரே குன்றில் தெரிகிறது. தொத்தோரி மாவட்டத்தின் அவோயா கமிஜிச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் ஒரு கால்வாயில் குவிந்து கிடந்தன. பலவற்றில் ஆயுத வெட்டுகள். ஈரமண்ணின் தயவில் மூன்று மண்டையோடுகளுக்குள் மூளையே எஞ்சியிருந்தது.

இப்போது தாழி. மொழியியலாளர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ் தம்பதியரோடும் சேர்ந்து உழைத்து, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்றும், நெல், உலோகம், தாழிப் புதைப்பு ஆகியவை தென்னிந்தியாவிலிருந்து யாயோய் ஜப்பானுக்குப் போயிருக்கலாம் என்றும் வாதிட்டார். அவருடைய உழைப்பும் தமிழ் மீது அவர் கொண்ட பற்றும் மதிக்கத்தக்கவை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. மண்ணின் சாட்சியமும் அவருக்கு உதவவில்லை. கியூஷுத் தாழிகள் பெரும்பாலும் இரண்டு பெரிய பானைகளை வாயோடு வாய் பொருத்திச் சாய்வாகவோ படுக்கையாகவோ புதைத்தவை. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் நிமிர்த்திவைத்து மூடியிட்டவை. பெரியவர்களுக்கான தாழிகள் வடக்குக் கியூஷுவின் ஒரு குறுகிய வட்டாரத்திலேயே மிகுதி, அங்கே சிறியவற்றிலிருந்து படிப்படியாகப் பெரிதாகி வளர்ந்ததை ஓடுகளின் வரிசையிலேயே பார்க்கலாம். பானைக்குள் குழந்தைகளைப் புதைக்கும் வழக்கம் அந்தத் தீவுகளில் நெல்லுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததைச் சன்னாய் மருயாமாவில் பார்த்தோம். வயலின் அமைப்பும் கல் கத்தியும் கொரியாவைக் கைகாட்டும்போது, இடையிலுள்ள ஆறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டித் தென்னிந்தியாவைத் தேட வேண்டிய தேவை இல்லை. உண்மையான ஒரு தொடர்பு வேண்டுமென்றால் அது தாழியில் இல்லை, அதைவிட மிகச் சிறிய பொருளில் இருக்கிறது. யாயோய்க் கல்லறைகளிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் கிடைக்கும் மிகச் சிறிய கண்ணாடி மணிகளில் ஒரு பகுதி, தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் குழலாக இழுத்து நறுக்கிச் செய்யப்பட்ட வகை என்பதை வேதியியல் காட்டியிருக்கிறது. அரிக்கமேடு அத்தகைய மணிகளுக்குப் பேர்பெற்ற பழைய பட்டறை. மணி கைமாறிக் கைமாறிப் போயிருக்கும். அதைச் செய்தவன் கூடவே போனான் என்று கொள்ள வேண்டியதில்லை.

வெண்கலத்தைப் பற்றி ஒரு செய்தி போதும். 1984-இல் இசுமோவின் கோஜிந்தானியில், ஒரு மலைச்சரிவில் நான்கு வரிசைகளாக அடுக்கிப் புதைத்த 358 வெண்கல வாள்கள் கிடைத்தன. அதுவரை ஜப்பான் முழுவதிலும் கிடைத்திருந்தவை சேர்ந்தும் அத்தனை இல்லை. இசுமோவைப் புராணக் கதைகளின் ஊர் என்று ஒதுக்கிவைத்திருந்த வரலாற்றாசிரியர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள்.

எழுத்தில் ஜப்பான் முதலில் வருவது சீனர்களின் கையில். கி.பி. 57-இல் ஹான் பேரரசர் "வா" நாட்டின் (ஜப்பானுக்குச் சீனர் வைத்த பெயர்) நா என்ற சிற்றரசின் அரசனுக்கு முத்திரை வழங்கினார் என்று சீன வரலாறு சொல்கிறது. 1784-இல் ஃபுகுவோகாவுக்கு எதிரேயுள்ள ஷிகா தீவில் ஒரு தங்க முத்திரை கிடைத்தது. ஒரு பக்கம் 2.3 சென்டிமீட்டர், எடை 108 கிராம், அதில் அந்த அரசனின் பெயர்ப்பட்டம். பிறகு 239-இல் சீனத்தின் வெய் அரசுக்குத் தூது அனுப்பி நூறு வெண்கலக் கண்ணாடிகள் பெற்ற அரசி ஹிமிகோ வருகிறார். அவருடைய யமதாய் நாடு கியூஷுவிலா, நாராவிலா என்பது ஜப்பானியர்கள் சாயாக் கடையில்கூடச் சண்டையிடும் பொருள். நாராவின் மகிமுகு இப்போது முன்னணியில் இருக்கிறது. பல வட்டாரங்களிலிருந்து வந்த பானைகள் அங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. உழவுக்குரிய களைக்கொத்திகள் குறைவு, மண்வேலைக்குரிய மண்வெட்டிகள் மிகுதி. அதாவது அங்கே கூடியவர்கள் நெல் விளைவிக்க வந்தவர்கள் அல்லர், எதையோ கட்ட வந்தவர்கள்.

அவர்கள் கட்டியவற்றில் ஒன்று சுமார் 280 மீட்டர் நீளமுள்ள ஹாஷிஹாகா மேடு. முன்புறம் சதுரமாகவும் பின்புறம் வட்டமாகவும், மேலிருந்து பார்த்தால் சாவித்துளை போலத் தெரியும் கோஃபுன் கல்லறைகளின் வரிசை அங்கே தொடங்குகிறது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு மேடு கட்டுவதுதான் அதிகாரத்தின் மொழி. சாகாய் நகரின் தாய்சென் மேடு 486 மீட்டர் நீளம் என்று சொல்லப்பட்டுவந்தது, நீருக்கடியில் இருக்கும் பகுதியையும் அளந்தபோது 525 மீட்டர் என்று வந்தது. பழைய முறையில் அதைக் கட்ட நாளொன்றுக்கு உச்சமாக 2,000 பேர் வீதம் 15 ஆண்டு 8 மாதம் ஆகியிருக்கும் என்று ஒரு கட்டுமான நிறுவனம் 1985-இல் கணக்கிட்டது. அதற்குள் யார் கிடக்கிறார் என்று தோண்டிப் பார்க்க முடியாது. அரச முன்னோரின் சமாதி என்று பட்டியலிட்டவற்றை அரண்மனை நிர்வாக முகமை காத்துவருகிறது. ஓரக்கரையில் சிறு ஆய்வுக்கு மேல் அனுமதி இல்லை. முன்னோரின் அமைதியைக் குலைக்கலாகாது என்ற அவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது, ஆனால் எந்த மேட்டில் எந்த முன்னோர் என்ற அடையாளமே பெரும்பாலும் மிகப் பிந்தைய காலத்து ஊகம்.

எனவே அரசர்களைப் பற்றிய மிகச் சிறந்த சாட்சி அரசரின் கல்லறையிலிருந்து வரவில்லை. சைதாமாவின் இனாரியாமா மேட்டில் 1968-இல் துருவேறிய ஓர் இரும்பு வாள் எடுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அது துருவேறிய வாளாகவே இருந்தது. 1978-இல் துருவை நிறுத்தும் பராமரிப்பின்போது எக்ஸ்ரே எடுத்தார்கள், அலகின் இருபுறமும் தங்கக் கம்பி பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. 471-ஆம் ஆண்டு என்று பெரும்பாலோர் கொள்ளும் ஒரு தேதியோடு அது தொடங்குகிறது. ஓவாகே என்பவர் தம் மூதாதையரை எட்டுத் தலைமுறைக்கு வரிசையாகச் சொல்லி, தலைமுறை தலைமுறையாகத் தம் குடும்பம் வாளேந்துவோரின் தலைமைப் பொறுப்பை வகித்தது என்றும், மாமன்னர் வகதகேருவின் அரண்மனை ஷிகியில் இருந்தபோது தாம் ஆட்சிக்குத் துணைநின்றதாகவும் எழுதச்செய்திருக்கிறார். கியூஷுவின் ஏதா ஃபுனயாமா கல்லறையில் 1873-இலேயே கிடைத்திருந்த, வெள்ளி எழுத்துகள் கொண்ட இன்னொரு வாளின் சிதைந்த மன்னர் பெயரும் இதே வகதகேருதான் என்பது அதன் பிறகே புரிந்தது. கிழக்கே ஒரு வாள், மேற்கே ஒரு வாள், இரண்டிலும் ஒரே மன்னர். ஓவாகே அந்த மேட்டில் புதைக்கப்பட்ட உள்ளூர்த் தலைவரா, அல்லது தம் வாளை அவருக்குப் பரிசளித்த அரண்மனைக்காரரா என்பதில் இன்னும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. எட்டுத் தலைமுறைப் பெயர்களைச் சொன்னவர், தம் வயலைப் பற்றியோ விளைச்சலைப் பற்றியோ அந்த 115 எழுத்துகளில் ஒன்றும் சொல்லவில்லை.